வீட்டில் கட்டும் நீர்மூழ்கி: பேட்டரிப் பெட்டியை எந்தப் பொருளில் செய்வது?

நீர்மூழ்கி கட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பதெல்லாம் உடற்கூட்டைப் பற்றித்தான். எத்தனை மி.மீ. தகடு, ஜன்னலுக்கு எவ்வளவு தடிமனில் அக்ரிலிக், மூடி எந்தப் பக்கம் திறக்க வேண்டும், இப்படி. பேட்டரிப் பெட்டியைக் கடைசிக்குத் தள்ளி, மிச்சம் கிடக்கும் பைப்பில் ஏதாவது ஒன்றைச் செய்து மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் படகில் எடை மிகுதியாகக் குவிவது அங்கேதான், தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடிய சமாச்சாரம் இருப்பதும் அங்கேதான், கடல்தண்ணீரும் நேர்மின்சாரமும் ஒரு ரப்பர் வளையத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடியிருப்பதும் அங்கேதான்.

நான் இங்கே மனதில் வைத்துப் பேசுவது ஒருவரோ இருவரோ உள்ளே உட்காரும் சிறிய நீர்மூழ்கி. உள்ளே சாதாரணக் காற்றழுத்தம், இறங்கும் ஆழம் 30 மீட்டர் வரை, பேட்டரிகள் உடற்கூட்டுக்கு வெளியே, கீழே இரண்டு பக்கமும் தனி உருளைகளில். இந்த அமைப்பு ஒன்றும் புதிதில்லை. அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஜார்ஜ் கிட்ரிட்ஜ் விற்ற கே-350 வரைபடத்தை வைத்து வீட்டுப் பட்டறைகளில் பலர் நீர்மூழ்கி கட்டியிருக்கிறார்கள், அந்த 350 என்பது அடிக்கணக்கில் ஆழம், அதிலும் பேட்டரிகள் வெளியே உருளைகளில்தான். பேட்டரி வெளியே இருந்தால் அதிலிருந்து வரும் வாயு நாம் சுவாசிக்கும் காற்றில் கலக்காது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். லித்தியம் பேட்டரியை ஆள் உட்காரும் அறைக்குள் வைப்பது பற்றி யாராவது கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதுதான், அதற்கு மேல் விவாதிக்க விரும்பவில்லை.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: உள்ளே காற்றா, எண்ணெயா?

பொருள் எது என்று கேட்பதற்கு முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பதில் மாறினால் பொருளே தலைகீழாக மாறிவிடும். பெட்டிக்குள் காற்று இருந்தால் வெளியே இருக்கும் தண்ணீர் அழுத்தம் முழுவதையும் பெட்டியின் சுவர் தாங்க வேண்டும். 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பார் என்று கூடிக்கொண்டே போகும், 30 மீட்டரில் 3 பார். கேட்கச் சின்ன எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் 300 மி.மீ. விட்டமுள்ள ஒரு மூடியின் மேல் அது 2 டன்னுக்கும் அதிகமான எடை.

எண்ணெய் நிரப்பினால் கதையே வேறு. பெட்டிக்குள் முழுக்க எண்ணெய், ஒரு பக்கம் ரப்பர் பை ஒன்று, அந்தப் பையை வெளியே இருக்கும் தண்ணீர் அழுத்தும், உள்ளே எண்ணெயும் அதே அழுத்தத்துக்கு வந்துவிடும். சுவருக்கு இரு பக்கமும் சம அழுத்தம் என்பதால் சுவர் தாங்க வேண்டியது எதுவும் இல்லை. ஆராய்ச்சி நீர்மூழ்கியான ஆல்வினில் ஈய அமில பேட்டரிகளை இப்படி எண்ணெயில் வைத்துத்தான் ஓட்டினார்கள். 2012 மார்ச்சில் ஜேம்ஸ் கேமரூன் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கிய கலத்திலும் லித்தியம் பேட்டரிகள் எண்ணெய் நிரப்பிய பிளாஸ்டிக் பெட்டிகளில்தான் இருந்தன. ஆமாம், பிளாஸ்டிக். அவ்வளவு ஆழத்தில் எஃகே திணறும்போது பிளாஸ்டிக் நின்றதற்குக் காரணம் அது எதையும் எதிர்த்து நிற்கவில்லை என்பதுதான்.

30 மீட்டருக்கு எது நல்லது? இரண்டும் ஓடும். எண்ணெய் அழுக்கு வேலை, பேட்டரியை மாற்ற வேண்டுமென்றால் சட்டை கெடும், கசிந்தால் கடலில் படலம் மிதக்கும். காற்றுப் பெட்டி சுத்தம், திறந்து பார்ப்பது சுலபம், ஆனால் ஹைட்ரஜன் சேரும் இடம் அதுவே, தண்ணீர் புகுந்தால் படகு கனப்பதும் அதனால்தான். முதல் படகு கட்டுகிறவருக்குக் காற்று உருளையையே சொல்வேன், ஏனென்றால் அதை வெற்றிடம் போட்டுச் சோதிப்பது எளிது.

காற்றுப் பெட்டியில் தேவை பலமா, விறைப்பா?

கடையில் பி.வி.சி. பைப்பில் "6 கிலோ", "10 கிலோ" என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, 6 கிலோ என்றால் 60 மீட்டர் தண்ணீர், நமக்கு 30 போதுமே என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அந்த எண் உள்ளே இருந்து வெளியே தள்ளும் அழுத்தத்துக்கு. வெளியே இருந்து அமுக்கினால் பைப் கிழியாது, நசுங்கும். நசுங்குவதைத் தடுப்பது பொருளின் பலத்தைவிட அதன் விறைப்பும் சுவரின் தடிமனும்தான்.

நீளமான குழாய்க்குக் கணக்கு இது: சுவர்த் தடிமனை விட்டத்தால் வகுத்து, வரும் எண்ணை மும்மடியாக்கி, அதைப் பொருளின் மீள்மக் குணகத்தால் (விறைப்பைக் காட்டும் எண்) பெருக்கி, பிறகு இரண்டாலும் பெருக்குங்கள். பாய்சான் விகிதத்துக்கான (அமுக்கும்போது பொருள் பக்கவாட்டில் எவ்வளவு பிதுங்கும் என்பது) சிறு திருத்தம் ஒன்று மேலே சேரும், அது எண்ணைக் கொஞ்சம் கூட்டும். மும்மடி என்பதைக் கவனியுங்கள், தடிமனைப் பாதியாக்கினால் தாங்கும் அழுத்தம் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

324 மி.மீ. வெளிவிட்டமும் 6.35 மி.மீ. சுவரும் உள்ள எம்.எஸ். (சாதாரண எஃகு) பைப்பை இதில் போட்டால் ஏறக்குறைய 33 பார் வருகிறது. மூன்று மடங்கு பாதுகாப்பு வைத்தாலும் 100 மீட்டர் தாராளம். அதே அளவு அலுமினியத்தில் 11 முதல் 12 பார், மூன்றால் வகுத்தால் 40 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இப்போது 315 மி.மீ. பி.வி.சி. பைப், சுவர் 9 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், எஃகைவிடத் தடிமனான சுவர்தான், ஆனால் வருவது 1.6 பார். அதாவது 16 மீட்டரில் தத்துவப்படியே நசுங்கிவிடும், பாதுகாப்பு மடங்கு வைத்தால் 5 மீட்டர். நீச்சல்குளத்துக்குப் போதும்.

இந்தக் கணக்கு பைப் கச்சிதமான வட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் பைப் அப்படி இருக்காது. இருப்புக்கடையில் கீழ் அடுக்கில் கிடந்த பைப் மேலிருந்த பாரத்தில் லேசாக முட்டை வடிவமாகியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வாங்கும்போதே பெரிய காலிப்பர் கொண்டுபோய் ஒரே வாயில் எட்டுக் கோணங்களில் விட்டத்தை அளந்து, பெரியதுக்கும் சிறியதுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் வேறு துண்டு கேளுங்கள். தாண்டாவிட்டாலும் நடுவில் ஓரிரண்டு வளையங்களை உள்ளேயோ வெளியேயோ வெல்டிங் செய்து கொடுத்தால் குழாய் குட்டையானதுபோல் நடந்துகொள்ளும், தாங்கும் அழுத்தம் நிறையக் கூடும்.

பொருள் பொருளாக

எம்.எஸ். முதலில், ஏனென்றால் என் ஓட்டு அதற்குத்தான். மலிவு, எந்தப் பட்டறையிலும் வெல்டிங் செய்வார்கள், விறைப்பில் பக்கத்தில் நிற்க ஆளில்லை, அதைவிட முக்கியமாகக் கெட்டுப்போவதை முன்கூட்டியே காட்டிவிடும். துரு வெளியே தெரியும், சுத்தியலால் தட்டினால் சத்தத்தில் தெரியும். கிடைத்தால் பாய்லர், டேங்க் செய்கிறவர்கள் வாங்கும் ஏ516 கிரேடு 70 தகடோ சீம்லெஸ் பைப்போ எடுங்கள். வெளியே மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, அதே நாளில் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் இரண்டு கோட்டு எபாக்ஸி பெயின்ட். கடலுக்கு என்றால் இரும்புக்குப் பதில் தான் கரையும் ஜிங்க் கட்டி ஒன்றை வெறும் இரும்பில் படும்படி போல்ட் போடுங்கள், அதன்மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். கிணறு, ஏரி, குவாரித் தண்ணீர் என்றால் ஜிங்க் சரியாக வேலை செய்யாது, மெக்னீசியம் வேண்டும்.

எம்.எஸ்.ஸின் பலவீனம் உள்பக்கம். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது குமிழியோடு அமிலத் துளிகளும் பறக்கும், அது பெயின்ட்டில் எங்கே ஊசித்துளை இருக்கிறதோ அங்கே இறங்கிவிடும். அதனால் பேட்டரியை நேரடியாக இரும்பில் உட்கார வைக்காமல் பாலிபுரோப்பிலீன் தகட்டை வளைத்துச் செய்த தட்டில் வையுங்கள், ஒரு பேட்டரி உடைந்தால் அதன் அமிலம் முழுவதும் தட்டிலேயே நிற்கும் அளவுக்கு விளிம்பு உயரமாக இருக்கட்டும். கால்வனைஸ் செய்த பைப் கிடைக்கிறதே, துருப்பிடிக்காதே என்று எடுக்க வேண்டாம். ஜிங்க் மேல் அமிலம் பட்டால் அதுவும் ஹைட்ரஜன் விடும், நமக்கு இருக்கும் ஹைட்ரஜனே போதும்.

எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர், என்றதும் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. சமையலறைப் பாத்திரம் துருப்பிடிக்கவில்லை, இதுவும் பிடிக்காது என்று. கடல்தண்ணீரில் 304 கிரேடைப் பற்றிப் பேசவே வேண்டாம். 316 பரவாயில்லை, ஆனால் அதற்கும் ஒரு நோய் உண்டு: ஆக்ஸிஜன் எட்டாத இடுக்குகளில், அதாவது மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் பள்ளம், வாஷருக்கு அடியில், ஸ்டிக்கர் ஓரம், இங்கெல்லாம் உப்புத் தண்ணீர் தேங்கி நின்றால் குழி விழும். ஓ-ரிங்கை எடுத்துவிட்டுப் பள்ளத்தை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்புக் கோடு இருக்கும், அதைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவினால் குண்டூசி நுனி அளவுக்கு நகம் மாட்டும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும், தண்ணீர் போக வழி மட்டும் உள்ளே தயாராகியிருக்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, மூடியைக் கழற்றிக் காயவைத்தால் 316 பல வருடம் வரும். படகைக் கடலிலேயே கட்டிப்போட்டு வைப்பவருக்கு அது சரிப்படாது.

இரண்டையும் கலக்கலாம், அதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. உருளை எம்.எஸ்., மூடி உட்காரும் வாய் வளையம் மட்டும் 316, இரண்டையும் 309எல் ராடில் வெல்டிங் செய்ய வேண்டும், சாதாரண எம்.எஸ். ராடில் செய்தால் இணைப்பு விரிசல் விடும். வளையத்தை வெல்டிங் செய்து முடித்த பிறகுதான் லேத்தில் முகம் பிடிக்க வேண்டும், முன்னாலேயே கடைந்துவிட்டு வெல்டிங் செய்தால் சூட்டில் வளைந்து உழைப்பெல்லாம் வீண். அந்தச் சந்திப்பில் எம்.எஸ். பக்கத்தை மட்டும் பெயின்ட் செய்து எஸ்.எஸ்.ஸை வெறுமனே விட்டால் பெயின்ட்டில் விழும் ஒவ்வொரு கீறலிலும் இரும்பு வேகமாகக் கரையும், ஆகவே ஓ-ரிங் உட்காரும் முகம் தவிர இரண்டின் மேலும் பெயின்ட் வரட்டும்.

அலுமினியத்தில் எடை குறைவு என்பதுதான் கவர்ச்சி. ஆனால் வெளியே மாட்டும் பேட்டரி உருளைக்கு எடை ஒரு குறையே இல்லை, அடியில் எடை இருந்தால்தான் படகு நிமிர்ந்து நிற்கும். கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் 6061-டி6, வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றித் தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். வெல்டிங் செய்ய வேண்டுமென்றால் 5083 மாதிரி கடல் கிரேடு, ஆர்கான் வெல்டிங் தெரிந்த கை, இரண்டும் வேண்டும். அதோடு எஸ்.எஸ். போல்ட் போட்ட இடத்தில் வெள்ளைப் பொடி கிளம்பி, போல்ட் கழற்ற வராமல் இறுகிவிடும், நைலான் குழலும் நைலான் வாஷரும் போட்டுப் பிரித்தால்தான் தப்பும். வெல்டிங்கே இல்லாமல் முழுக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கும் சின்னப் பெட்டிக்கு, உதாரணமாக அவசர விளக்கு பேட்டரிக்கு, அலுமினியம் அருமை.

டைட்டானியம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கிடைக்காது. சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆழ்கடல் நீர்மூழ்கியான மத்ஸ்யா 6000-இல் ஆட்கள் உட்காரும் கோளம் 80 மி.மீ. தடிமன் டைட்டானியக் கலவை, ஆனால் அது 6,000 மீட்டருக்கு. நமக்கு அந்தச் செலவு தேவையில்லை.

பைபர் கிளாஸ், கார்பன் பைபர் இரண்டையும் காற்றுப் பெட்டிக்கு நான் ஒதுக்குகிறேன். கையால் அடுக்கிய பைபரின் உள்ளே எங்கே காற்றுக் குமிழி, எங்கே பிசின் குறைவு என்று வெளியிலிருந்து தெரியாது. ஒருமுறை அமுங்கி எழும்போது அடுக்குகள் பிரிந்தாலும் தெரியாது, அடுத்த முறையும் அதே மாதிரிதான் தோற்றமளிக்கும். 2023 ஜூனில் ஐந்து பேரோடு நசுங்கிய டைட்டன் நீர்மூழ்கியின் கூடு கார்பன் பைபர். நம் ஆழம் அது இறங்கிய ஆழத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்பது உண்மை, ஆனாலும் கெடும் முன் எச்சரிக்காத பொருளில் வெளி அழுத்தத்தைத் தாங்கும் எதையும் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய்ப் பெட்டிக்கு என்றால் பைபர் கிளாஸ் பிரமாதம், வினைல் எஸ்டர் பிசின் போட்டால் அமிலத்துக்கும் அசராது.

எச்.டி.பி.இ., அதாவது தண்ணீர்த் தொட்டி, கேன் செய்யும் பிளாஸ்டிக், இதுவும் எண்ணெய்ப் பெட்டிக்கு ஏற்றது. அமிலம், எண்ணெய், உப்பு எதுவும் அதை ஒன்றும் செய்யாது, கீழே போட்டாலும் உடையாது. பசை ஒட்டாது என்பதுதான் சங்கடம், சூடான காற்றில் வெல்டிங் செய்ய வேண்டும். நிரந்தரமாக ஒரு பாரம் இருந்தால் நாளடைவில் தளர்ந்துகொண்டே போகும் என்பதால், இறுக்கிய போல்ட்டுகளை முதல் சில வாரங்கள் மறுபடி மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். மூடிப் பக்கம் உலோகச் சட்டம் ஒன்று கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை குறையும்.

அக்ரிலிக்கில் பேட்டரிப் பெட்டி செய்து உள்ளே எல்லாம் தெரிகிறது என்று படம் போடுவார்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாலே அதில் நுண்விரிசல் ஓடும். ஜன்னலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூடி, ஓ-ரிங், கேபிள்

உருளை நசுங்கித் தண்ணீர் வந்த கதையைவிட மூடி வழியாக, கேபிள் வழியாக வந்த கதைதான் அதிகம். மூடிக்குத் தட்டையான பிளேட் போடலாம், ஆனால் தடிமனாக: 300 மி.மீ. விட்டத்துக்கு 12 மி.மீ. எம்.எஸ். போட்டால் 30 மீட்டரில் நிம்மதி, 100 மீட்டரில் அந்தத் தகட்டின் தகைவு 200 மெகாபாஸ்கலை நெருங்கும், அங்கே டிஷ் எண்டுக்கு, அதாவது கிண்ணம்போல் குவிந்த மூடிக்குப் போய்விடுங்கள்.

கேஸ்கெட் ஷீட்டை வெட்டிப் போட்டு இருபது போல்ட் இறுக்குவதைவிட ஒரு நல்ல ஓ-ரிங்கும் ஆறு போல்ட்டும் மேல். ஓ-ரிங்குக்கு அழுத்தம் கூடக் கூட இறுக்கமும் கூடும், வெளி அழுத்தமே மூடியைப் பிடித்துக்கொள்ளும், படகு மேலே மிதக்கும்போதுதான் போல்ட்டுக்கு வேலை. கறுப்பு நைட்ரைல், 70 கடினம், எங்கும் கிடைக்கும். தட்டையான முகத்தில் அது 20 முதல் 30 சதவீதம் அமுங்கும்படி பள்ளத்தின் ஆழம் இருக்கட்டும், சிலிக்கான் கிரீஸ் பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும் தடவுங்கள், அப்பிவிடாதீர்கள், அப்பினால் மணலும் முடியும் அதில் ஒட்டும். எண்ணெய்ப் பெட்டியில் கனிம எண்ணெய் என்றால் ஈ.பி.டி.எம். ரப்பர் ஊதிக் கெட்டுவிடும், நைட்ரைல் நிற்கும். சிலிக்கான் எண்ணெய் என்றால் சிலிக்கான் ரப்பர் ஊதும். எண்ணெய்க்குப் புதிய டிரான்ஸ்பார்மர் ஆயில் போதும், பழசை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், மிகப் பழைய டிரான்ஸ்பார்மர்களில் நச்சுப் பொருள் கலந்த எண்ணெய் இருந்ததுண்டு.

கேபிள் சுவரைக் கடக்கும் ஓட்டையை இறுக்கி அடைக்க எலெக்ட்ரிகல் கடையில் ஐபி68 என்ற தண்ணீர்த் தடுப்புத் தரத்தில் கிளாண்ட் கொடுப்பார்கள். ஐபி68 என்பதற்கு ஒரே ஆழம் கிடையாது, தயாரிப்பவர் சொல்லும் ஆழமும் நேரமும்தான், பல கிளாண்டுகளில் அது சில மீட்டர்களோடு முடிந்துவிடும். அதையும்விடப் பொல்லாத விஷயம், கிளாண்ட் நன்றாக இருந்தும் தண்ணீர் ஒயருக்குள்ளேயே போகும். பல இழை ஒயரின் ஒரு முனை நனைந்தால் இன்ஷுலேஷனுக்குள் இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறி மறுமுனையில் சொட்டும், மோட்டாரில் கசிந்தது பேட்டரிப் பெட்டியில் வந்து நிற்கும். அந்த வழியை அடைக்க, பெட்டிச் சுவரைக் கடக்கும் இடத்தில் ஒயருக்குப் பதில் முழுப் பித்தளைக் கம்பியை வைத்து, இரு பக்கமும் ஒயரைச் சால்டர் செய்து, சுற்றிலும் எபாக்ஸி ஊற்றிவிடுங்கள். எபாக்ஸி ஊற்றும் குழியைத் தண்ணீர்ப் பக்கம் அகலமாகவும் உள்பக்கம் குறுகலாகவும் கூம்பாகக் கடைந்தால் அழுத்தம் அதை இறுக்கிக்கொண்டே போகும். ஃபியூஸ் பெட்டிக்குள்ளேயே, பேட்டரி முனைக்கு ஒட்டி, ஒவ்வொரு உருளைக்கும் தனியாக இருக்கட்டும்.

பேட்டரியின் எந்த முனையையும் உடற்கூட்டோடு இணைக்காதீர்கள், காரில் செய்கிற பழக்கத்தில் நிறையப் பேர் செய்துவிடுகிறார்கள். படகின் உலோகத்திலிருந்து தண்ணீருக்குள் 1 ஆம்பியர் கசிந்தால் வருடத்துக்கு 9 கிலோ இரும்பு கரையும், 100 மில்லி ஆம்பியர் என்றாலும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் எங்கே பெயின்ட் கீறியிருக்கிறதோ அந்த ஒரு புள்ளியில். மல்டிமீட்டரின் ஒரு முனையை உடற்கூட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் பிளஸ், பிறகு மைனஸ் என்றும் வைத்துப் பாருங்கள், நிலையான வோல்ட் காட்டினால் எங்கோ கசிகிறது.

வாயுவுக்கு வழி

காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் வந்தாலே தீப்பொறியில் பற்றும். முழுக்க சார்ஜ் ஆன பிறகும் சார்ஜரை எடுக்காமல் விட்டால், ஒவ்வொரு ஆம்பியர் மணிக்கும் ஒவ்வொரு செல்லிலிருந்தும் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஹைட்ரஜன் வரும். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல். 5 ஆம்பியர் ஒரு மணிநேரம் கூடுதலாக ஓடினால் ஒரே பேட்டரியிலிருந்து 13 லிட்டர். உருளைக்குள் காலி இடமே 70 லிட்டர்தான் என்றால் ஐந்து பேட்டரிகள் என்ன செய்யும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அமிலத்தைக் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறவைத்துச் சீல் செய்த ஏ.ஜி.எம். பேட்டரியில் இது மிகக் குறைவு, ஆனால் சார்ஜர் கெட்டால் அதுவும் வாயு விடும்.

சார்ஜ் செய்யும்போது மூடி திறந்திருக்க வேண்டும், சின்ன ஊதுவிசிறி ஒன்றின் குழாய் உருளையின் அடிவரை போய்ப் புதுக் காற்றைத் தள்ள வேண்டும், விசிறி மோட்டார் வாயு வெளியே வரும் பாதையில் இருக்கக் கூடாது. அதோடு மூடியில் உள்ளிருந்து வெளியே மட்டும் திறக்கும் ரிலீஃப் வால்வு ஒன்று, 0.3 முதல் 0.5 பாரில் திறக்கும்படி. இது லித்தியத்துக்கு இன்னும் அவசியம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மற்ற லித்தியங்களைவிடச் சாந்தமானது, நீர்மூழ்கியில் லித்தியம் என்றால் அதைத்தான் எடுக்க வேண்டும், ஆனாலும் ஒரு செல் சூடேறி வாயு கக்கினால் தடித்த எஃகு உருளையும் இறுக்கிய போல்ட்டுகளும் சேர்ந்து அதை வெடிகுண்டாக்கிவிடும். உருளையில் தண்ணீர் புகுந்து ஆழத்தில் அழுத்தம் ஏறி, மேலே வந்தபின்னும் அந்த அழுத்தம் உள்ளே அடைபட்டிருப்பதும் உண்டு. கடைசி போல்ட்டைக் கழற்றும்போது மூடி முகத்தில் பாயும். வால்வைக் கையால் இழுத்துக் காற்றை விட்டபிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும், அப்போதும் மூடிக்கு நேரே நிற்க வேண்டாம்.

ஈய அமில பேட்டரிக்குள் கடல்தண்ணீர் போனால் குளோரின் வாயு வரும், உலகப்போர் காலத்து நீர்மூழ்கி ஆட்கள் மிகவும் பயந்த வாயுவில் இதுவும் ஒன்று. பேட்டரி வெளியே இருந்தால் இதிலிருந்தும் தப்பிவிட்டோம் என்றுதான் நினைப்போம், ஆனால் உருளையிலிருந்து உடற்கூட்டுக்குக் கேபிளைக் காலிக் குழாய் ஒன்றின் வழியாகக் கொண்டுபோயிருந்தால் அதே குழாய் தண்ணீரையும் வாயுவையும் உள்ளே கொண்டுவரும். இரண்டு முனையிலும் அடைப்பு இல்லாத குழாயை விட்டுவிடாதீர்கள்.

எடைக் கணக்கும் சோதனையும்

324 மி.மீ. உருளை, நீளம் 1.8 மீட்டர், 12 மி.மீ. மூடிகள் இரண்டு. இது கடலில் விலக்கும் தண்ணீரின் எடை 150 கிலோ சொச்சம். எஃகு 105 கிலோ, 100 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரி ஐந்து என்றால் 145 கிலோ. ஆக ஒரு உருளை நிகரமாக 100 கிலோ கீழே இழுக்கும், இரண்டுக்கும் 200, இதை உடற்கூட்டின் மிதப்பில் முன்கூட்டியே கணக்கில் எடுத்திருக்க வேண்டும். உருளையில் முழுக்கத் தண்ணீர் புகுந்தால் ஒரு பக்கம் மட்டும் இன்னும் 70 கிலோவுக்கு மேல் கனம் கூடும், படகு சாயும். ஆபத்தில் கழற்றிவிட்டு மேலே எழும்ப வைத்திருக்கும் அவசர எடை இதையும் சேர்த்து ஈடுகட்டும் அளவுக்கு இருக்க வேண்டும். லித்தியத்துக்கு மாறினால் பேட்டரி எடை பாதிக்கும் கீழே போய்விடும், அப்போது அடியில் ஈயக்கட்டி சேர்க்க வேண்டிவரும், பேட்டரியில் மிச்சம் பிடித்த எடையைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம் என்பது வேடிக்கைதான்.

சோதனை இரண்டு கட்டம். முதலில் பேட்டரி இல்லாமல் மூடியை மாட்டி, ஏ.சி. மெக்கானிக் வைத்திருக்கும் வேக்குவம் பம்ப்பால் உள்ளே காற்றை இழுத்து, கேஜை அரை பாரில் நிறுத்தி, வால்வை மூடி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் கேஜ் கொஞ்சம் நகர்ந்திருந்தால் உடனே கசிவு என்று முடிவு கட்டாதீர்கள், 10 டிகிரி குளிர்ந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் 3 சதவீதத்துக்கு மேல் தானாகவே குறையும், ஆகவே அதே வெப்பநிலை வரும் நேரத்தில் மறுபடி பாருங்கள். கசிவு இருந்தால் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், நுரை உள்ளே உறிஞ்சப்படும் இடம் தெரியும்.

அடுத்தது ஆழம். கயிற்றில் கட்டி, ஆள் யாரும் உள்ளே இல்லாத நிலையில், உருளைக்குள் பேட்டரிக்குப் பதில் அதே எடைக்கு மணல் மூட்டை வைத்து, உங்கள் அதிகபட்ச ஆழத்தின் ஒன்றேகால் மடங்குக்கு இறக்கி ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள். 30 மீட்டர் படகுக்கு 38 மீட்டர். இறக்கும் முன்னும் எடுத்த பின்னும் அதே எட்டுக் கோணங்களில் நடுப்பகுதியின் விட்டத்தை அளந்து எழுதிவையுங்கள், அரை மி.மீ. நிரந்தரமாக மாறியிருந்தாலும் அந்த உருளை வேண்டாம். உள்ளே நான்கு மூலைகளில் செய்தித்தாள் துண்டு ஒட்டி வைத்தால் ஒரு சொட்டு வந்திருந்தாலும் எந்தப் பக்கம் வந்தது என்று காட்டிவிடும்.

எல்லாம் சரியாக வந்தபின் உள்ளே அடிப்பகுதியில் இரண்டு எஸ்.எஸ். திருகுகளை ஒரு அங்குல இடைவெளியில் பிளாஸ்டிக் துண்டில் பொருத்தி, அதிலிருந்து ஒரு ஒயர் ஜோடியை ஓட்டுகிறவர் முன்னால் இருக்கும் சின்ன விளக்குக்குக் கொண்டுபோங்கள், நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் போதும். தண்ணீர் வந்து இரண்டு திருகையும் தொட்டால் விளக்கு எரியும். அதற்குத் தனி பேட்டரி வையுங்கள், எந்தப் பெட்டியைக் கண்காணிக்கிறதோ அதே பெட்டியின் மின்சாரத்தில் ஓட வேண்டாம்.